பன்னிரண்டாம் நம்பர் வீட்டு விறகு நடை

சீதாவுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு விருந்தாளி. வெள்ளைக்காரரோ கொழும்புக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. அவளுடைய பன்னிரண்டாம் நம்பர் காம்பராவில் ஒரு ராத்திரி படுத்து எழும்பி, நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். அப்படி ஒருவர் தங்கிப் போன வீட்டுக்குப் பின்னால் திட்டக்காரர்கள் ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுப்பார்கள். வெள்ளைக் கொமட், தண்ணீர்க் குழாய், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த கதவு. பதினொரு வீட்டுக்கு அது வந்துவிட்டது. மிச்சம் இருந்தது சீதாவின் வீடுதான்.

பன்வில பக்கத்துத் தேயிலை மலையில், கீழ்ப்பிரிவு லயத்தில், வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். கொரோனா வந்து எல்லாரையும் உள்ளே பூட்டிப் போட்டது. அது ஒருவழியாகப் போய்த் தொலைந்தால், பின்னாலேயே பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, கோதுமை மா வரிசை. தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைப்பதே பெரிய காரியமாக இருந்த நேரத்தில்தான் பிரேமிளா மிஸ் வந்தாள். கண்டி டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். நல்ல மனசு, பெரிய கைப்பை. ஏதோ ஒரு நிறுவனத்தின் பேரில் வந்து, லயத்துப் பெண்களைப் பிள்ளைக்காம்பராவில் கூட்டி வைத்துப் பேசினாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப் போகிற கொட்டகைக்கு அங்கே அதுதான் பேர்.

"ஹோட்டல்காரனுக்குப் போற சல்லி இனிமே ஒங்களுக்கே வரட்டும். விருந்தாளிங்க ஒங்க வீட்டுலயே தங்குவாங்க, ஒங்க சாப்பாடே சாப்பிடுவாங்க. முறை வச்சி ஒவ்வொரு வீடா போகணும். யாரும் முந்தவும் கூடாது, யாரையும் விடவும் கூடாது" என்றாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். முறை என்றால் அந்த லயத்துக்கு உயிர். பீலியில் தண்ணீர் பிடிப்பதற்கு முறை, கோயில் விளக்குக்கு முறை. அதில் ஒரு குடம் முந்தினாலும் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார்கள். சங்கம் ஒன்று அமைத்து, ஒன்றாம் நம்பர் இராஜேஸ்வரியைத் தலைவியாக்கி, முறையை ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள்.

இராஜேஸ்வரி தோட்டத்துக்கு ஆள் கட்டி மேய்த்த பெரிய கங்காணி வழி வந்தவள். குரலில் தேன் சொட்டும். அவள் யாரையும் ஏசி ஒருவரும் கேட்டதில்லை. ஏசாமலே ஆளை முடிக்கத் தெரிந்தவளுக்கு ஏசவேண்டிய தேவை என்ன?

சீதாவின் மாமனார் தோட்டத்து வாசக்கூட்டி. துரைமார் காலத்தில் கக்கூஸ் வாளி சுமந்து தோட்டத்தைச் சுத்தமாக வைத்தவர். அந்தக் குடும்பத்துக்கு லயத்தின் கடைசி வீடு, சாக்கடைக் கானுக்குப் பக்கத்து வீடு, என்றைக்கோ ஒதுக்கப்பட்டு அப்படியே நின்றுவிட்டது. சீதாவின் புருஷன் முத்துலிங்கம் கொழும்பில் தெருக் கூட்டுகிறான். தீபாவளிக்கு வந்தால் உண்டு. சாதியைப் பற்றி அந்த லயத்தில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லாதபடி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. மற்றப் பதினொரு வீட்டின் பின்சுவரிலும் ஓர் ஆணி, ஆணியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. சீதா வேலைக்கு வந்தால் அதை எடுத்து நீட்டுவாள், மேலே இருந்து தேத்தண்ணி விழும். குடித்துக் கழுவி மறுபடி மாட்டிவிட்டுப் போவாள்.

புதுக் கக்கூஸ்கள் வந்ததும் அவற்றைக் கழுவுவது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சீதா தினமும் காலையில் பதினொரு கக்கூசையும் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கழுவி முடித்ததும் வீட்டுக்காரிகள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். விருந்தாளிக்கு மட்டும் என்பது சங்கத்துச் சட்டம். அந்தச் சட்டம் ராத்திரியானால் கொஞ்சம் இளகும், வீட்டாருக்கு. சீதாவுக்கு இளகவில்லை.

அவளும் மகள் சுதர்சினியும் நாலாம் நம்பர் தேயிலை மலைக்குக் கீழே உள்ள ஓடைச் சரிவுக்குத்தான் போனார்கள். இரண்டு வருசத்துக்கு முன்புவரை பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் அங்கேதான் போனார்கள், கூட்டமாக, சிரித்துப் பேசிக்கொண்டு. இப்போது இரண்டே பேர். ஆள் நடமாட்டம் குறைந்ததும் காட்டுப் பன்றி வந்தது. பன்றியைக்கூட விரட்டலாம். பன்றிக்குக் கண்ணி வைக்கிற சாக்கில் வந்து புதருக்குள் உட்கார்ந்திருந்த ஆண்களை என்ன செய்வது? சுதர்சினிக்குப் பதினைந்து வயசு, ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். விடியுமுன் தாய் முன்னால் போய்க் கல்லெறிந்து பார்த்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிடுவாள்.

பதினோராம் நம்பர் கஜலட்சுமி மட்டும் கொஞ்சம் ஈரமுள்ளவள். ஓர் அடைமழை நாளில், சுதர்சினி வயிற்றுவலியில் துடிப்பதைப் பார்த்துத் தன் வீட்டு விருந்தாளிக் கக்கூசைத் திறந்துவிட்டாள். சேதி ஒன்றாம் நம்பருக்குப் போய்விட்டது. இராஜேஸ்வரி சண்டை போடவில்லை. மஞ்சள் கரைத்த வாளியோடு வந்து, கஜலட்சுமியின் மாமியார் பார்த்திருக்க, தன் கையாலேயே அந்தத் தரையைக் கழுவினாள்.

"வெளிநாட்டு ஆளுக வார எடம் புள்ள. சுத்தம் முக்கியம்" என்றாள்.

அதற்குப் பிறகு கஜலட்சுமியும் சாவியை இடுப்பை விட்டு எடுக்கவில்லை.

முறை மூன்று தடவை பன்னிரண்டுக்கு வந்தது. மூன்று தடவையும் தாண்டிப் போனது. முதல் தடவை வந்த ஜெர்மன்காரருக்கு வயசு கூட, கடைசி வீடுவரை படி இறங்க மாட்டார் என்றாள் இராஜேஸ்வரி. அவர் அடுத்த நாள் மலை உச்சிவரை ஏறிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை கூரை ஒழுகுகிறது என்றாள். எல்லாக் கூரையும்தான் ஒழுகியது. மூன்றாம் தடவை காரணமே சொல்லவில்லை. சீதாவைக் கூப்பிட்டு ஒரு பழைய சேலை கொடுத்தாள், அவ்வளவுதான்.

இதற்கிடையில் பிரேமிளா மிஸ் ஒரு நாள் கண்டியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். பிளாஸ்டிக் கோப்பை கூடாது, அது சூழலுக்குக் கேடு, வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். உள்ளே தேய்த்து மெருகு போட்ட சிரட்டைகள். இனிமேல் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி இதில்தான் என்றாள். பதினொரு பெண்களும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"மிஸ், இதுலயா குடுக்கிறது? அவங்களுக்கா?"

"ஏன்? வெள்ளக்காரங்களுக்கு இதுன்னா உசுரு."

வாசலுக்கு வெளியே நின்ற சீதா சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், வாய்விட்டு, நன்றாகக் கேட்கும்படியாக. இருபது வருசமாகத் தன்னை ஒதுக்கி வைத்த பாத்திரத்தில் நாளைக்குப் பணக்கார விருந்தாளிகள் குடிக்கப் போகிறார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆனால் அந்தச் சிரிப்பை இராஜேஸ்வரி மறக்கவில்லை.

அன்று பின்னேரமே பதினொரு ஆணியிலிருந்தும் பழைய சிரட்டைகள் கழன்றன. விருந்தாளி புதுசையும் பழசையும் பார்த்துவிட்டால் கேள்வி வருமல்லவா? இராஜேஸ்வரி தன் வீட்டுச் சிரட்டையைக் கொண்டுவந்து சீதாவின் வாசற்படியில் வைத்தாள். "ஒன்னோடத நீயே வச்சிக்க. தேத்தண்ணி வேணும்னா கையோட கொண்டுகிட்டு வா." அதன் விளிம்பில் ஆணிக்கான ஓட்டை. பக்கத்தில் சூட்டுக்கோலால் இழுத்த கறுப்புக் கோடு. வீட்டார் யாரும் தவறியும் அதை எடுத்துவிடக் கூடாது என்று இராஜேஸ்வரியே இழுத்தது.

கார்லா என்ற வெள்ளைக்காரி வந்தது ஐப்பசி மழை சற்று ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை. மற்றவர்களைப் போல ஊர் பார்க்க வந்தவள் அல்ல. வெளிநாட்டில் பெரிய சுற்றுலாக் கம்பனிக்கு இடம் பார்த்துச் சொல்கிறவள். அவளுக்குப் பிடித்துவிட்டால் வருசம் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வேன் நிறைய ஆள் வரும். பிரேமிளா மிஸ்ஸுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. கார்லா இறங்கியதும் சுவரில் ஒட்டியிருந்த முறை மட்டையைத்தான் பார்த்தாள். பன்னிரண்டாம் வீட்டில் ஏன் ஒருவரும் தங்கவில்லை என்று கேட்டாள். பிறகு தானே அங்கு தங்குவதாகச் சொல்லிவிட்டாள்.

இராஜேஸ்வரி சிரித்த முகம் மாறாமல் நின்றாள். "அதுக்கென்ன மிஸ், தாராளமா. சீதா எங்க புள்ளதானே."

பிறகு கானோரம் வந்து சீதாவிடம் மெல்லச் சொன்னாள்: "படுக்கிறது மட்டுந்தான் ஒன் வீட்டுல. சாப்பாடு என் வீட்டுலருந்து வரும். டொய்லட்டுக்கும் எங்கிட்டயே வரட்டும். நீ அடுப்பு பத்த வைக்காத, என்ன?"

"சரிங்கம்மா" என்றாள் சீதா. அடுப்பு என்ன பெரிய அடுப்பு? படுத்து எழும்பினால் போதும். தரையைச் சாணி போட்டு மெழுகினாள். கஜலட்சுமி ஒரு மெத்தையும் புது விரிப்பும் கொடுத்தாள். கார்லா நன்றாகத் தூங்கினாள். தாயும் மகளும் பின்னால் அடுப்பங்கரையில் சாக்கு விரித்துப் படுத்து, உள்ளே அவள் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

விடியுமுன் வழக்கம்போல இருவரும் தண்ணீர் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைச் சரிவுக்கு இறங்கினார்கள். பாதி வழியில் பின்னால் காலடிச் சத்தம். சீதா கல்லை எடுத்துக்கொண்டு திரும்பினால், கழுத்தில் கமெராவோடு கார்லா நிற்கிறாள். பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு. இவ்வளவு காலையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

சுதர்சினிக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ் கொஞ்சம் வரும். கேள்வி புரிந்துவிட்டது. பதில்தான் எந்தப் பாடத்திலும் இல்லை. டின்னைப் புதருக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"வெறகுன்னு சொல்லு" என்றாள் சீதா, உதடு அசையாமல்.

"ஃபயர்வுட், மேடம்."

சொன்னால் செய்தாக வேண்டுமே. இருவரும் குனிந்து சுள்ளி பொறுக்கத் தொடங்கினார்கள். கார்லாவும் பொறுக்கினாள். அவளுக்கு ஒரே குதூகலம். கால் வைக்கக் கூடாத இடங்கள் அந்தச் சரிவில் நிறைய. சீதா முன்னால் நடந்து, இங்கே வா, அங்கே போகாதே என்று கையால் வழிகாட்டினாள். மூடுபனி விலகி எதிரே நக்கிள்ஸ் மலை தெரிந்தபோது கார்லா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு சுதர்சினியை நிற்க வைத்துப் படம் எடுத்தாள். அந்தப் பிள்ளை விறகுக்கட்டை அணைத்துக்கொண்டு, கால்களை இறுக்கி, உதட்டைக் கடித்தபடி நின்றது. பின்னாளில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம், பெண்ணின் முகத்தில் ஏதோ சொல்ல முடியாத ஏக்கம் இருக்கிறது என்றார்களாம். ஏக்கம்தான், வேறென்ன?

வீடு திரும்பியதும் கார்லாவுக்குக் குளிரில் பல் கிட்டியது. தேத்தண்ணி கிடைக்குமா என்று சைகையால் கேட்டாள். அடுப்பு மூட்டக் கூடாது என்ற உத்தரவு சீதாவுக்கு மறக்கவில்லை. ஆனால் குளிரில் நடுங்குகிற ஒருத்தியை வாசலில் வைத்துக்கொண்டு ஒன்றாம் நம்பரில் போய் அனுமதி கேட்கவா முடியும்? பொறுக்கிய விறகிலேயே தீ மூட்டி, இஞ்சி தட்டிப் போட்டுச் சாயத்தண்ணி வைத்தாள். மெருகு போட்ட சிரட்டைகள் எல்லாம் இராஜேஸ்வரி வீட்டில். சீதாவிடம் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது, கல்யாணத்துக்கு வந்தது. அவள் அதை எடுக்கவில்லை. கறுப்புக் கோடு போட்ட சிரட்டையைக் கழுவி அதில் ஊற்றிக் கொடுத்தாள். விருந்தாளிக்குச் சிரட்டைதானே சட்டம்!

கார்லா ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடினாள். சிரட்டையும் கையுமாக வெளியே வந்தாள். எதிரே இராஜேஸ்வரி ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்த தட்டோடு வருகிறாள், பின்னால் பிரேமிளா மிஸ். நடந்ததை எல்லாம் கார்லா மூச்சுவிடாமல் சொன்னாள். பேச்சு வேகத்தில் இராஜேஸ்வரியின் கையில் இருந்த தட்டை வாங்கிக்கொண்டு சிரட்டையை அவளிடம் கொடுத்தாள். குடித்துப் பார், குடித்துப் பார்.

"குடிங்கக்கா, சிரிச்சிக்கிட்டே குடிங்க, நான் படம் எடுக்கிறேன்" என்று பிரேமிளா மிஸ் ஃபோனைத் தூக்கினாள்.

இராஜேஸ்வரி சிரட்டையைப் பார்த்தாள். கோடு தெரிந்தது. பதினொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள், அவர்களுக்கும் தெரிந்தது. வருசம் முழுக்க வரப்போகிற வேன் கண்முன்னால் நின்றது. அவள் குடித்தாள். சிரித்துக்கொண்டே குடித்தாள். "நல்லாருக்கு" என்றாள்.

சீதாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. மகளைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டினாள். பைத்தியக்காரி.

கார்லாவை ஏற்றிக்கொண்டு வேன் போனதும் இராஜேஸ்வரி நேரே பீலிக்குப் போய், சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி, உடுத்த சேலையோடு தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டாள். திரும்பி வரும்போது பன்னிரண்டாம் நம்பர் வாசலில் நின்றாள். தலையிலிருந்து நீர் சொட்டியது.

"சந்தோசமா சீதா?" என்று கேட்டாள், வழக்கமான அதே தேன் குரலில். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

கார்லாவின் கடிதம் வர இரண்டு வாரம் ஆனது. அதற்குள் கஜலட்சுமியின் புருஷன் திவாகரன் வந்து அளவெடுத்தான். மற்றப் பதினொரு கக்கூசையும் கட்டிய மேசன் அவன். பின்னால் சரிவு என்பதால் வேறு இடமில்லை, அடுப்பங்கரையை உடைத்துவிட்டு அதே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்றான். உடைக்கட்டும் என்றாள் சீதா. நாலு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டினான். கொமட்டுக்கு அக்குறணை டவுனில் நுஸ்கியின் கடையில் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். சுதர்சினி கயிற்றுக்குள்ளே போய் நின்று பார்த்தாள்.

"தாழ்ப்பா உள்பக்கம்தானேம்மா?"

"உள்பக்கந்தாண்டி. பெரிய தாழ்ப்பாவா போடச் சொல்றேன்."

பிள்ளைக்காம்பராவில் கூட்டம் கூடிய அன்று சீதா வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றாள். மகளும் பக்கத்தில் நின்றாள். பிரேமிளா மிஸ் எழுந்து நின்று சொன்னாள். கம்பனி ஒத்துக்கொண்டுவிட்டது, வருகிற வெள்ளியே முதல் வேன், ஏழு பேர். பெண்கள் கைதட்டினார்கள். கஜலட்சுமி அழுதேவிட்டாள்.

"இன்னும் கேளுங்க. கார்லா மேடம் எழுதியிருக்காங்க, பதினொரு வீடும் நல்லாயிருக்கு, ஆனா காஸ் அடுப்பும் மாபிள் தரையும் எந்த ஊருலயும் இருக்குதாம். பன்னிரண்டாம் வீடுதான் உண்மையான வீடாம். அந்த வெறகடுப்பு, சாணித் தரை. எல்லாத்துக்கும் மேல, விடியக்காலையில அம்மாவும் மகளும் வெறகுக்குப் போற நடை. அத எல்லா விருந்தாளிக்கும் காட்டணுமாம். 'விறகு நடை'ன்னு பேர்கூட வச்சி, படத்தோட போட்டாச்சு. அந்த வீட்டுல ஒன்னையும் மாத்த வேணாமாம்."

சொல்லிவிட்டுப் பிரேமிளா மிஸ் தயங்கினாள். அவள் கெட்டவள் அல்ல.

"ஒரே ஒரு விசயம். டொய்லட் கட்டுறதுன்னா அந்த அடுப்பங்கரைய ஒடைக்கணும். சட்டப்படி சீதாக்காவுக்கு டொய்லட் குடுக்கத்தான் வேணும். நான் தனியா முடிவெடுக்க மாட்டேன். இது ஒங்க திட்டம், நீங்களே சொல்லுங்க."

"அது சீதாவோட வீடு மிஸ். சீதாவே சொல்லட்டும்" என்றாள் இராஜேஸ்வரி.

எல்லாத் தலையும் வாசலுக்குத் திரும்பியது. சீதா ஓர் அடி முன்னால் வைத்தாள். மகள் அவள் முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள், சொல்லாதே என்றா, சொல் என்றா, தெரியவில்லை. ஆனால் இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"மிஸ், நாங்க வெறகுக்குப் போகல மிஸ்."

"பின்ன?"

"வெளிக்கி இருக்கப் போனோம். அந்தம்மா பின்னாலயே வந்துட்டாங்க. வெக்கத்துல வெறகுன்னு புள்ளய சொல்லச் சொன்னேன். அந்த ஓடதான் மிஸ் எங்க கக்கூசு. இவங்க எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் முந்தி அங்கதானே போனோம்."

பதினொரு வீட்டுப் பெண்களும், அப்படி ஓர் இடத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். சுதர்சினி முந்தானையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஐயையோ" என்றாள் இராஜேஸ்வரி மெதுவாக. "அப்ப அந்தம்மாவ பீக்காட்டுக்குள்ளயா கூட்டிக்கிட்டுப் போன?"

"நான் கூட்டிட்டுப் போகலம்மா, அவங்களா..."

"பொய் சொல்லி. சின்னப் புள்ளயையும் பொய் சொல்ல வச்சி. மிஸ், இது அந்தக் கம்பனிக்குத் தெரிஞ்சா என்னா ஆகும்?"

பிரேமிளா மிஸ்ஸின் முகத்தில் ரத்தம் இல்லை. "வேனே வராது. பன்னெண்டு வீட்டுக்கும் சேத்துத்தான் வராது."

அறைக்குள் ஒரு முனகல் கிளம்பியது. கஜலட்சுமி பாதி எழுந்தாள். "மிஸ், வேணும்னா சீதாவும் புள்ளயும் என் வீட்டு டொய்லட்ட..." இராஜேஸ்வரி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள், அவ்வளவுதான். கஜலட்சுமி சேலையைச் சரிசெய்கிற மாதிரி மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. நம்ம சீதாவ நாம விட்டுக்குடுக்க முடியுமா?" என்றாள் இராஜேஸ்வரி. "மன்னிச்சிருவோம். யாரும் வெளிய மூச்சு விடாதீங்க. டொய்லட்ட அடுத்த வருசம் பாப்போம். இப்ப ஆளுக நடக்கப்போற எடத்த சுத்தமாக்கணும். சீதாதான் அந்த வேலையில கைதேர்ந்தவ, அவளே செஞ்சிருவா. இன்னொன்னு, இனிமே அந்த ஓடப் பக்கம் யாரும் வெளிக்கி போகக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போடுங்க மிஸ். யாரும்தான். எனக்கும் அதே சட்டந்தான்."

கைகள் உயர்ந்தன. கஜலட்சுமியின் கை கடைசியில் உயர்ந்தது, ஆனால் உயர்ந்தது.

"அப்ப நாங்க எங்கம்மா போறது?" என்று கேட்டாள் சீதா.

"காடு பெருசு சீதா."

பிரேமிளா மிஸ் தீர்மானத்தை எழுதினாள். ஏகமனதாக என்று எழுதினாளாம். போகும்போது வாசலில் நின்று சீதாவின் தோளைத் தொட்டாள். "குறை நினைக்காதீங்க சீதாக்கா. நீங்கதான் இந்தத் திட்டத்தோட உசுரு." அவள் கண் கலங்கியிருந்தது. கலங்கி யாருக்கு என்ன பிரயோசனம்?

மறுநாள் திவாகரன் வந்து முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போனான். சீதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சீதா மண்வெட்டியும் சுண்ணாம்புமாக ஓடைச் சரிவுக்கு இறங்கினாள். இரண்டு நாள். லயத்தின் இத்தனை வருசத்து அசிங்கத்தையும் வெட்டிப் புதைத்து, சுண்ணாம்பு தூவி, படி வெட்டி, வழுக்குகிற இடத்தில் கல் பதித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது இடம் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அந்த இரண்டு நாளும் தாயும் மகளும் மேட்டுக் காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். காலில் அட்டை ஏறியது. வியாழக்கிழமை புதருக்குள் ஒரு டோர்ச் வெளிச்சம் எரிந்து அணைந்தது. சுதர்சினி ஓடிவந்தவள், திரும்ப அங்கே போகமாட்டேன் என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேன் வந்தது. ஏழு பேரும் வீடு வீடாகப் பிரிந்தார்கள். பன்னிரண்டாம் நம்பரில் இரண்டு பேர். நல்ல மனிதர்கள், சாணித் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இராஜேஸ்வரி வீட்டுக் கக்கூஸ் சாவி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

சீதா அடுப்பங்கரையில் மகளுக்குச் சோறு போட்டாள். சுதர்சினி குழம்பு வேண்டாம் என்றாள். ரசமும் வேண்டாம். வெறும் சோற்றைப் பிசைந்து பிசைந்து விழுங்கினாள். தேத்தண்ணியை நீட்டினால், அதற்கும் தலையாட்டினாள்.

"விக்கப் போகுதுடி. தண்ணியாவது குடி."

"வேணாம்மா."

"பள்ளிக்கொடத்துல குடிச்சியா?"

"காலையிலருந்து குடிக்கல. குடிச்சா விடிய வரும்மா. அவங்க எல்லாரும் நம்ம கூடவே இருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சாக்கை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. சீதா தன் கையில் இருந்த தேத்தண்ணியைப் பார்த்தாள். அவளுக்கும் தாகம்தான், இரண்டு நாளாக மண் வெட்டிய உடம்பு. அதை அப்படியே சாம்பலில் ஊற்றிவிட்டு மகளுக்குப் பக்கத்தில் படுத்தாள். விடிந்தால் ஏழு பேர் விறகுக்கு வருகிறார்கள்.